அவ அப்பிடிச் சொல்லேல்லை

"செவ்வாய்க்கிழமை நீங்கள் நாலு பேரும் சேலை கட்டிக்கொண்டு வரவேண்டும். நெற்றியில் அந்தச் சிவப்புப் புள்ளியும் இருக்கட்டும்," என்று மனேச்சர் லோ வெர்சோ சொன்னபோது அமலினிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வந்த சிரிப்பு வாய்க்கு வருமுன்னரே கோபமாகிவிட்டது.

இத்தாலியில், பலேர்மோவின் மொண்டெல்லோக் கடற்கரையோரம் இருந்த அந்த ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலைக்கு அவள் சேர்ந்து ஏழு வருடமாகிறது. முதல் நாள் இதே மனிதன்தான் ஈரக் கடதாசி ஒன்றை நீட்டி நெற்றியைத் துடைக்கச் சொன்னான். விருந்தாளிகள் காயமோ என்று கேட்கிறார்களாம். அன்றைக்கே பேரையும் மாற்றினான். நெஞ்சில் குத்துகிற தகட்டில் 'லீனா' என்று எழுதி வந்தது. அவளோடு வேலை செய்த தமிழ்ப் பெண்களில், முன்னமே சேர்ந்திருந்த ரதி அக்கா 'ரீத்தா'. கிருசாந்தினி 'கிறிஸ்தீனா'. துசானிக்கு அதுகூட இல்லை. வேலையை விட்டுப்போன ஒரு இத்தாலியப் பெண்ணின் பழைய தகட்டையே எடுத்துக் குத்திவிட்டார்கள்.

இப்போது சேலை வேண்டுமாம். காரணம், ஹோட்டலைப் போன வருடம் ஒரு அவுஸ்திரேலியக் கம்பனி வாங்கியிருந்தது. தன்னுடைய எல்லா ஹோட்டல்களிலும் வேலையாட்களுக்கு ஒரு பயிலரங்கு நடத்த வேண்டும் என்பது கம்பனியின் கட்டளை. அவுஸ்திரேலிய ஆதிக்குடிப் பெண் ஒருவர் வந்து, நாம் நாமாக இருப்பது பற்றியும் மண்ணோடு உள்ள உறவு பற்றியும் பேசுவார். உடுப்பு மாற்றும் அறைக் கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். 'உங்கள் உண்மையான முகத்தோடு வேலைக்கு வாருங்கள்.'

"படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேணுமாம், அதுக்குத்தான்," என்றாள் ரதி அக்கா, அழுக்கு விரிப்புகளை வண்டிலில் திணித்தபடி. "ஒரு நாள் தானே பிள்ளை. கட்டினால் என்ன குறைஞ்சா போறம்?"

"ஏழு வருசமா அழிக்கச் சொன்னவன் இப்ப வைக்கச் சொல்றான். என்ரை நெத்தி என்ன அவன்ரை அறிவித்தல் பலகையோ அக்கா?"

"உன்னோட கதைக்க ஏலாது."

செவ்வாய்க்கிழமை மற்ற மூன்று பேரும் சேலையில் வந்தார்கள். அமலினி சாம்பல் நிறச் சீருடையில் வந்தாள். லோ வெர்சோ அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்கிற பார்வை அது. படம் எடுக்கிறவரிடம், ரதி அக்காவை ஜன்னல் பக்கம் நகர்த்தி நிறுத்தச் சொன்னான். கடல் பின்னால் விழ வேண்டுமாம்.

மண்டபத்தில் நாற்பது நாற்காலி. முன்வரிசைகளில் அலுவலகத்தாரும் வரவேற்பு மேசைக்காரரும். நடுவில் சமையலறை. படம் எடுத்து முடிந்ததும் துப்புரவுக்காரர் கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்டார்கள்.

ரொண்டா என்கிற அந்தப் பெண் உள்ளே வந்தபோது லோ வெர்சோவின் முகம் தொங்கிப்போனதை அமலினி கவனித்தாள். முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு, ஊதுகுழலோடு யாரோ வருவார் என்று எதிர்பார்த்திருப்பான். வந்தவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கறுப்புக் காற்சட்டை, தளர்ந்த பருத்திச் சட்டை, கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடி. முழங்கால் நோவாக்கும், நாற்காலியைப் பிடித்துத்தான் நின்றார். ஒரு பாட்டுப் பாடித் தொடங்கலாமே என்று லோ வெர்சோ ஆங்கிலத்தில் கேட்டது கடைசி வரிசைவரை கேட்டது.

"நான் பாட வரவில்லை," என்றார் ரொண்டா.

ரோமிலிருந்து வர இருந்த மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். லண்டனில் இரண்டு வருடம் வேலை செய்தவன் தானென்று சொல்லி, லோ வெர்சோ தானே பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவன் இத்தாலிய மொழியில் சொல்வான்.

அமலினிக்கு அவுஸ்திரேலியாவிலும் அக்கறையில்லை, பயிலரங்கிலும் அக்கறையில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஆனால் அவளுடைய காது பழகிப்போன காது. இங்கே அறை துடைக்கிறவளுக்கு ஊரில் இருந்தபோது வேறு வேலை. வவுனியாவில் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளர். ஒருவர் சொல்வதையும் அதை இன்னொருவர் திருப்பிச் சொல்வதையும் கேட்டால் அவளை அறியாமலே மனம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.

"என் மக்கள் கொமெரோய் குடியினர். எங்கள் நிலத்தை எங்களிடம் யாரும் வாங்கவில்லை. எங்களைச் சுட்டுவிட்டு எடுத்தார்கள்," என்றார் ரொண்டா.

"அவருடைய மக்களுக்கு நிலத்தோடு நீண்ட வரலாறு உண்டு," என்றான் லோ வெர்சோ.

அமலினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தனக்குச் சரியாக விளங்கவில்லை போலும் என்று முதலில் நினைத்தாள்.

ரொண்டா 'கன்ட்ரி' என்ற சொல்லை விளக்கினார். அது தேசமல்ல, வரைபடத்தில் இருக்கும் கோடு அல்ல. ஆறும் மரமும் செத்தவர்களும் இனிப் பிறக்கப்போகிறவர்களும் எல்லாம் அதற்குள் அடக்கம். "அது எங்களுக்குச் சொந்தமில்லை. நாங்கள்தான் அதற்குச் சொந்தம். அதிலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்டவர்களுக்கு வருத்தம் வரும். நான் உவமைக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற வருத்தத்தைச் சொல்கிறேன்."

லோ வெர்சோ சொன்னான்: "இயற்கையை நேசிக்க வேண்டும். மனம் களைத்தால் கடற்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், நல்லது."

முன்வரிசை தலையாட்டியது. ரொண்டாவும் அதைப் பார்த்து, விளங்கிக்கொண்டார்கள் என்று நினைத்துத் தலையாட்டினார். அமலினி ரதி அக்காவின் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, இவன் பொய் சொல்றான்."

"பேசாமல் இரு," என்றாள் ரதி அக்கா, உதட்டை அசைக்காமல்.

ரொண்டா கழுத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றினார். "நாமாக இருப்பது என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித் தந்தது எந்தப் புத்தகமும் இல்லை. என் அம்மாவை ஐந்து வயதில் அரசாங்கம் அவருடைய தாயிடமிருந்து பறித்தது. ஒரு விடுதியில் அடைத்து, வெள்ளைக்காரர் வீடுகளைத் துடைக்கப் பழக்கியது. பதினான்கு வயதில் வேலைக்காரியாக அனுப்பியது. அவருடைய பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். சாகும்வரை அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அம்மா உடனே திரும்பமாட்டார். ஒரு கணம் பிந்தித்தான் திரும்புவார்."

லோ வெர்சோ ஒரு தரம் இருமினான். பிறகு சிரித்த முகத்தோடு சொன்னான்: "அவருடைய அம்மாவும் சின்ன வயதிலிருந்தே விருந்தோம்பல் தொழிலில் இருந்தவர். எங்களைப் போல!"

சிலர் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் அமலினியைப் பதினாறு வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. போர் முடிந்த நேரம், வவுனியாவில் முட்கம்பி போட்ட அகதி முகாம். தகரக் கொட்டிலுக்குள் ஒரு மேசை. நிறுவனத்திலிருந்து வந்த வெளிநாட்டுக்காரி படிவமும் பேனையுமாக இருக்கிறாள். இரண்டு முழம் தள்ளி ஒரு இராணுவ அதிகாரி நிற்கிறான். மேசைக்கு முன்னால் ஞானம்பிகை என்கிற தாய். "என்ரை மகன் விதுரனை நான்தான் கையிலை பிடிச்சுக் கொண்டுவந்து இந்த ஆமிக்காரரிட்டைக் குடுத்தனான். விசாரிச்சிட்டு விடுறம் எண்டவை. பஸ்ஸிலை ஏத்தினதை என்ரை ரெண்டு கண்ணாலையும் பாத்தனான்." அவ்வளவும் சொல்லிவிட்டு அமலினியின் வாயைப் பார்க்கிறாள். அமலினி அதிகாரியைப் பார்க்கிறாள். இருபத்தைந்து வயது. வெளியே அவளுடைய தம்பியும் அதே முகாமில்தான். "இவருடைய மகனைக் காணவில்லை," என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். வெளிநாட்டுக்காரி 'காணவில்லை' என்ற பெட்டியில் சரி போடுகிறாள். அடுத்த ஆள்.

யாருக்கும் இதை அவள் சொன்னதில்லை. கட்டிய புருசன் விமலராஜுக்குக்கூட.

அமலினி எழுந்து நின்றாள். ரதி அக்கா சீருடையின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். கையைத் தட்டிவிட்டாள்.

"அவர் அப்படிச் சொல்லவில்லை," என்றாள் இத்தாலிய மொழியில். குரல் உடைந்து வந்தது. அதனால் இன்னொரு தரம், உரக்கச் சொன்னாள்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"லீனா, உட்கார். கேள்வி கேட்க நேரம் தருவோம்," என்றான் லோ வெர்சோ.

"இது கேள்வி இல்லை." அமலினி ரொண்டாவைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினாள். "அம்மா, உங்கள் தாய் எங்களைப் போல விருந்தோம்பல் தொழிலில் இருந்தவர் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் கைதட்டினார்கள். பறித்ததையும் சொல்லவில்லை, பேர் மாற்றியதையும் சொல்லவில்லை. சுட்டதையும் சொல்லவில்லை."

ரொண்டாவின் முகம் அசையவில்லை. கழற்றிய கண்ணாடியை மேசையில் வைத்தார். லோ வெர்சோவிடம் திரும்பி, "உண்மையா?" என்று கேட்டார்.

"மனநிலையை... நல்ல சூழலைப் பேண வேண்டும் அல்லவா? சாரம் அதுதான். சாரத்தைச் சொன்னேன்."

"என் அம்மாவின் சாரத்தை நீ எப்படிக் கண்டாய்?" என்றார் ரொண்டா. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். "உன் பெயர் என்ன?"

"அமலினி."

"அமலினி, இங்கே வந்து எனக்காகச் சொல்வாயா?"

நாற்காலிகளுக்கு நடுவால் நடந்து போனாள். கோபம்தான் தாங்கிக்கொண்டு போனது. லோ வெர்சோ ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை. அவள் கேட்கவுமில்லை. மாடிக்கு மாடி கேட்கக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுடையது.

ரொண்டா முதல் வசனத்திலிருந்து தொடங்கினார். அமலினி ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். சுட்டார்கள் என்றால் சுட்டார்கள். பறித்தார்கள் என்றால் பறித்தார்கள். 'கன்ட்ரி' என்ற இடத்தில்தான் நின்றுவிட்டாள். இத்தாலியச் சொல் எதுவும் பொருந்தவில்லை. அப்போது அவளுக்கு நினைவு வந்தது பல்லாரோச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள தங்கள் வீட்டு அலுமாரிக்குள், பிளாஸ்ரிக் உறையில் கிடக்கும் காணி உறுதிப் பத்திரம். ஊரில், மயிலிட்டியில் அப்பாவின் காணி. அவளுக்கு ஆறு வயதில் சண்டைக்குப் பயந்து விட்டு ஓடியது. இன்னும் படை போட்ட வேலிக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கிறது. உறுதி பலேர்மோவில், காணி படையிடம்.

"இதற்கு உங்கள் மொழியில் நான் சொல் கண்டுபிடிக்கவில்லை," என்றாள் மண்டபத்தைப் பார்த்து. "இவருக்கும் அது போய்விட்டது, எனக்கும் அது போய்விட்டது. போனவர்களுக்கு விளங்கும். உங்களுக்கு விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று இருங்கள். கடற்கரையில் நடப்பது என்று மட்டும் நினைக்காதீர்கள்."

சமையலறை வரிசையில் யாரோ "சரியாகச் சொன்னாள்" என்றார்கள். வரவேற்பு மேசைப் பெண் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். லோ வெர்சோ சுவரோரம் நின்று கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

முடிந்தபின் ரொண்டா மாடி முற்றத்தில் சிகரெட் பற்ற வைத்தார். அமலினி பக்கத்தில் நின்றாள்.

"இது எனக்கு ஐந்தாவது ஹோட்டல்," என்றார் ரொண்டா. "மற்ற நாலிலும் யார் யாரோ மொழிபெயர்த்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன். எத்தனை ஊரில் என் அம்மாவை இப்படி வேலைக்கு அனுப்பினார்களோ!" சிகரெட்டைக் கீழே போட்டுச் சப்பாத்தால் நசித்தார். "ஏன் எழும்பினாய்? உன் வேலை போகலாம்."

அமலினி முகாமில் நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது, ஏதாவது ஆறுதல் வரும் என்று தான் காத்திருப்பதை உணர்ந்தாள். வரவில்லை.

"அந்தத் தாய் உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார். வவுனியாவில் தெருவோரக் கொட்டகையில் மற்றத் தாய்மாரோடு இருந்து போராடுகிறார். செய்திப் படங்களில் மகனின் படத்தோடு கண்டிருக்கிறேன். காணும்போதெல்லாம் கைபேசியில் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவேன்."

"அப்போ இதை என்னிடம் ஏன் சொல்கிறாய்?" என்றார் ரொண்டா. எரிச்சலோடுதான் கேட்டார். அந்த எரிச்சல் அமலினிக்குச் சுட்டது. நான் உனக்காக எழும்பி நின்றவள் என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. ரொண்டா தன் மின்னஞ்சல் முகவரியைக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு நொண்டியபடி உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பயிலரங்கைக் குழப்பியது, மேலாளரை அவமதித்தது, சொன்ன உடையில் வராதது. ஐந்து நாளுக்குள் விளக்கம் தரவேண்டும். கூடவே, அவள் குழப்பினாள் என்று மூன்று பேர் கையெழுத்து வைத்த கடதாசியின் பிரதி. மூன்றாவது கையெழுத்து ரதி அக்காவுடையது.

அமலினி மூன்றாம் மாடித் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரதி அக்கா துவாய் மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் குழப்பினனானோ அக்கா?"

ரதி அக்கா மடித்த துவாயைத் திரும்ப விரித்தாள். "எனக்கு வதிவிடப் பெர்மெசோ புதுப்பிக்க இன்னும் ரெண்டு மாசம்தான் கிடக்கு. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிசிலை போய் என்னத்தைக் காட்டுறது? சொல்லு. உனக்கு மனிசன் துறைமுகத்திலை வேலை. எனக்கு ஆர் இருக்கினம்?"

"அதுக்குப் பொய்யிலை கையெழுத்து வைப்பியளோ?"

"வைப்பன்! பயத்திலை நீ ஒண்டும் செய்யேல்லையோ உன்ரை வாழ்க்கையிலை?"

அமலினி கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள். அந்தக் கேள்வி ரதி அக்காவுக்குத் தெரியாமலே சரியான இடத்தில் குத்திவிட்டது. அதற்காகவும் அவள்மேல் கோபம் வந்தது.

விளக்கத்தைத் தானே எழுதினாள். ரொண்டா சொன்ன வசனங்கள் ஒரு பக்கம், லோ வெர்சோ சொன்னவை மறு பக்கம். கீழே ஒரே வரி: 'இரண்டும் ஒன்று என்றால் என்னைத் தண்டியுங்கள்.' பிரதியை ரொண்டாவுக்கும் அனுப்பினாள். ரொண்டா அதைக் கம்பனியின் மேலிடத்துக்கு அனுப்பி, இனித் தான் எந்த ஹோட்டலுக்கும் போகப்போவதில்லை, போன நாலு இடத்து ஒலிப்பதிவுகளும் தனக்கு வேண்டும் என்று எழுதினார்.

மூன்று கிழமைக்குப் பிறகு இரண்டு வரியில் பதில் வந்தது. குற்றச்சாட்டு விலக்கப்படுகிறது. நிறுவனம் உங்கள் பங்களிப்பை மதிக்கிறது. மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. லோ வெர்சோ அதே மேசையில்தான் இருக்கிறான். பயிலரங்குப் படங்கள் கம்பனியின் தளத்தில் வந்திருந்தன. கடலைப் பின்னால் வைத்து ரதி அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். விமலராஜ், "வெண்டிட்டாய்," என்றான். "என்னத்தை வெண்டது?" என்று அவன்மேலும் எரிந்து விழுந்தாள். பிறகு, அன்றைக்கே, முகாமில் நடந்ததை அவனுக்கும் சொன்னாள். அவன், "போன் எடு," என்று மட்டும் சொன்னான்.

வவுனியாவில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை தர்சனா ஞானம்பிகையின் நம்பரை எடுத்துத் தந்தாள். அமலினி மத்தியான இடைவேளையில், ஹோட்டலுக்குப் பின்னால் காய்கறி லொறி வந்து நிற்கும் இடத்தில் நின்று எடுத்தாள். நாலாவது தரம் மணி அடித்தபோது யாரோ தூக்கினார்கள். பின்னால் வாகன இரைச்சல்.

"ஞானம்பிகை அம்மாவோ? நான் இத்தாலியிலையிருந்து அமலினி கதைக்கிறன். முகாமிலை உங்களுக்கு மொழிபெயர்த்தனான்."

"ஆர்? அந்த மெல்லிசுப் பெட்டையோ?"

"ஓம் அம்மா. நீங்கள் சொன்னதை நான் அண்டைக்குச் சரியாச் சொல்லேல்லை. நீங்கள் கையிலை குடுத்ததெண்டு சொன்னியள். நான் காணேல்லை எண்டு சொன்னனான்."

மறுபக்கமிருந்து குரல் வந்தது. அழுகை இல்லை அதில்.

"தெரியும். எனக்கு இங்கிலிஸ் தெரியாதெண்டு நினைச்சியோ? நான் ரெண்டு நிமிசம் கதைச்சன், நீ ஒரு மூச்சிலை முடிச்சிட்டாய். அதுக்கு இங்கிலிஸ் தெரிய வேணுமோ? அந்தப் படிவத்தைத்தான் பிறகு விசாரிக்க வந்த எல்லாரும் தூக்கிக் காட்டினவங்கள். 'அம்மா, நீங்களே காணேல்லை எண்டுதானே சொல்லியிருக்கிறியள்' எண்டு என்ரை முகத்துக்கு நேரை சொன்னவங்கள். பதினாறு வருசம். இப்பதான் உனக்கு வாய் வந்ததோ?"

"பயந்திட்டன் அம்மா."

"நான் பயப்பிடேல்லையோ? நான் சொன்னனான் தானே!"

அமலினி சுவரில் சாய்ந்தாள். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக் கூடாது என்று நினைத்து வைத்திருந்தாள். கேட்கவில்லை. "அந்த நிறுவனத்துக்கு எழுதப்போறன் அம்மா. மொழிபெயர்த்த ஆள் நான்தான், பிழையாச் சொன்னதும் நான்தான் எண்டு என்ரை பேர் போட்டு எழுதுறன். படிவத்தைத் திருத்தச் சொல்றன். திருத்துவாங்களோ தெரியாது. நீங்கள் சொன்னது முழுக்க எனக்கு வேணும்."

"மறந்து போனியோ?"

"மறக்கேல்லை. உங்கடை வாயாலை கேட்டு எழுத வேணும்."

ஞானம்பிகை யாரையோ தள்ளி இருக்கச் சொல்வது கேட்டது. இரைச்சல் கொஞ்சம் குறைந்தது.

"பேனை இருக்கோ?"

அமலினி சீருடைப் பையிலிருந்து அறைகளின் பட்டியலை எடுத்து மறுபக்கம் திருப்பினாள். "இருக்கு."

"அப்ப எழுது. ஒரு சொல்லும் விடாதை. காலமை பத்து மணி இருக்கும். பஸ் நீல நிறம், முன் கண்ணாடி வெடிச்சிருந்தது. அவன் என்ரை இடக் கைப் பக்கம் நிண்டவன். எழுதிட்டியோ?"

"எழுதிட்டன்."

"வாசி பாப்பம்."